குடத்துக்கு நம்பர் 36!

ஆசையாக ஒரு தாள வாத்தியம் வாங்குகிறீர்கள். பெட்டியைப் பிரித்து, தெர்மக்கோலை வீடு முழுக்க உதிர்த்து (வீட்டம்மாவின் முறைப்பு இலவச இணைப்பு), மேஜை மேல் வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறீர்கள். 'தொப்'பென்று ரப்பரில் விரல் பட்ட சத்தம். அவ்வளவுதான்! வெறும் மேஜையைத் தட்டியிருந்தால்கூட இதைவிட நன்றாகக் கேட்டிருக்கும்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். அது அப்படித்தான். அதன் பெயர் மிடி பேட் கண்ட்ரோலர். எட்டோ பதினாறோ ரப்பர் கட்டங்கள், ஓரத்தில் நாலைந்து குமிழ்கள், கம்ப்யூட்டரில் செருக ஒரு யு.எஸ்.பி. ஒயர். பார்த்தால் கால்குலேட்டர் ஒன்று நன்றாகச் சாப்பிட்டு ஊதிப்போன மாதிரி இருக்கும். உள்ளே சத்தம் என்று ஒரு துளி கிடையாது.

பின்னே என்னதான் செய்கிறது? பி.காம். படித்தவன் புத்தியில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அது ஒரு வவுச்சர் எழுதுகிறது. வவுச்சரில் மூன்றே மூன்று எண்கள். எந்த சேனல், எந்தக் கட்டம், எவ்வளவு பலமாக அடித்தீர்கள். உதாரணத்துக்கு 144, 36, 100. முதல் எண், 'ஒண்ணாம் சேனல்காரன் அடித்துவிட்டான்' என்கிற தகவல். இரண்டாவது கட்டத்தின் எண். மூன்றாவது அடியின் பலம். கட்டத்துக்கும் பலத்துக்கும் எண் 0-லிருந்து 127-க்குள்தான். இந்த வவுச்சரை வாங்கிக்கொண்டு சத்தத்தைப் பட்டுவாடா செய்கிற கேஷியர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் வாத்தியம். கேஷியர் பெட்டியில் டிரம்ஸ் இருந்தால் டிரம்ஸ் கிடைக்கும். தவில் இருந்தால் தவில். நாய்க் குரைப்பை வைத்திருந்தால் அதுவும் தாளத்தோடு குரைக்கும்!

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கீபோர்டையும் ரோலண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனியின் கீபோர்டையும் ஒரு ஒயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது! போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே பாஷை பேசச் சம்மதித்ததே பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாஷைக்கு ராயல்டி எதுவும் வைக்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து! நம்ம ஆபீஸ் இன்க்ரிமென்ட் அரியர்ஸ் பரவாயில்லை.

1985-ல் ரோலண்ட் கம்பெனி ஆக்டபேட் என்று எட்டுக் கட்டப் பெட்டி ஒன்றை விட்டது. அதுவும் ஊமைப் பெட்டிதான். வேறொரு மெஷினோடு இணைத்தால்தான் பேசும். அடுத்த வருஷமே, 1986-ல், இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' வந்து 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்று தமிழ்நாடே பேசியது. பின்னால் வந்த ஆக்டபேடுகளில் சத்தத்தையும் உள்ளேயே அடைத்துக் கொடுத்தார்கள். 1998-ல் வந்த எஸ்.பி.டி. 20, ரேஷன் கார்டு வாங்காத குறையாக நம் மேடைகளில் குடியேறிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சர்ச் திருவிழா இன்னிசைக் கச்சேரிக்குப் போங்கள், அம்மன் கோயில் கொடைக்குப் போங்கள், மேடை ஓரத்தில் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு குச்சியோடு ஒருவர் நிற்பார். "பேட் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ரசிகர்களே உட்காருகிறார்கள்.

அவர் நிற்கிற இடத்தில் முன்பு தபலா ஒருவர், டோலக் ஒருவர், டிரம்ஸ் ஒருவர், கஞ்சிரா, மோர்சிங் என்று 'சைடு' ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வேனில் இடம், சாப்பாட்டு இலை, சம்பளக் கவர் எல்லாவற்றிலும் மூன்று பேர் மிச்சம். கணக்குப் பரீட்சையில் இதற்கு முழு மார்க். அந்த மூன்று பேர் வீட்டுக் கணக்கை எந்த லெட்ஜரிலும் எழுத மாட்டார்கள்.

சரி, இதில் நான் எங்கே வந்தேன்?

என் சிநேகிதன் ஒருவன் நாகர்கோவிலில் பகலெல்லாம் டேலியில் எண்களைத் தட்டுகிற ஆசாமி. சாயங்காலமானால் பேட் தட்டுவான். பதினாறு கட்டக் கண்ட்ரோலர் ஒன்று வாங்கிவிட்டு, "மக்கா, வா... இதுல நம்ம வில்லுப்பாட்டுச் சத்தத்த ஏத்தணும்" என்றான். அவன் எடுத்து வரும் குறும்படத்தில் கொடை காட்சி இருக்கிறதாம். இன்டர்நெட்டில் தேடினான். ஆப்பிரிக்கத் தோல் வாத்தியம், ஜப்பானியப் பெரிய மேளம், கியூபா காங்கோ எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. நாஞ்சில் நாட்டுக் குடம்? மூச்!

காரணம் இருக்கிறது. 1991-ல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பொதுப்பட்டியல் போட்டார்கள். எந்த நம்பரைக் கேட்டாலும் எந்த மெஷினிலும் அதே வாத்தியம் வர வேண்டும் என்பதற்காக. மொத்தம் 128 வாத்தியங்கள். சிதார் இருக்கிறது, நம்பர் 105. ஷெனாய் இருக்கிறது, 112. பரவாயில்லையே என்று கீழே வந்தால் 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி வேட்டு! தாளத்துக்கென்று பத்தாம் சேனலைத் தனியாக ஒதுக்கி 47 சத்தங்கள் வைத்தார்கள். அதில் விசில்கூட உண்டு. மிருதங்கம், தவில், தபலா எதுவும் கிடையாது. பஸ் கண்டக்டருக்குக் கிடைத்த மரியாதை பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைக்கவில்லை! தபலாவுக்கே இந்தக் கதி என்றால் குடத்தை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வில்லுப்பாட்டில் எல்லார் கண்ணும் நடுவில் இருக்கும் வில்லின் மேல். மணிகள் தொங்கும் பெரிய வில், வீசுகோலால் அதைத் தட்டிப் பாடும் புலவர். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சினிமா வரை கொண்டுபோனார். அவரிடம் இருந்த சுப்பு ஆறுமுகம் 2022-ல் மறையும்வரை ரேடியோ, மேடை, டி.வி. என்று விடாமல் பாடினார். இங்கேயே கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-ல் மறைந்த பூங்கனி அம்மாள், ஆண்களே நிறைந்திருந்த இடத்தில் வீசுகோல் பிடித்தவர். இவர்கள் பெயரெல்லாம் பேப்பரில் வந்தது. வில்லோடு கட்டிய மண்குடத்தைப் பிரிமணையில் வைத்து, ராத்திரி முழுக்கத் தட்டுகிறவரின் பெயரை நோட்டீஸில்கூட எட்டாவது வரியில்தான் போடுவார்கள். ஆனால் அவர் ஒரு நிமிஷம் கையை எடுத்தால் கச்சேரி பொத்தென்று படுத்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு குடத்து அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தோம். (பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேப்பர்ல பேரு வந்தா கடன்காரன் வருவான் தம்பி!")

விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எனக்க சத்தத்த எடுத்துப் பெட்டியில வச்சுக்கிட்டா, பொறவு என்னைய எவன் கூப்பிடுவான்?"

சிநேகிதன் என்னைப் பார்த்தான். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

சட்டப்படி பார்த்தால் அண்ணாச்சி பக்கம் பலம் இருக்கிறது. 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டத்தில், 1994-ல் செய்த திருத்தம் வாசிக்கிற கலைஞனுக்கும் தனி உரிமை கொடுத்தது. அவன் சம்மதம் இல்லாமல் வாசிப்பைப் பதிவு செய்யக் கூடாது. அந்த உரிமை இப்போது 50 வருஷம். 2012-ல் இன்னும் பலப்படுத்தி, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி என்றும் சேர்த்தார்கள். ஒற்றை ஒற்றையாகத் தட்டிய 'டொம்' எல்லாம் வாசிப்பில் சேருமா என்பது வக்கீல்கள் சம்பாதிப்பதற்கான கேள்வி. நாங்கள் வக்கீலுக்கு வேலை வைக்கவில்லை. வெள்ளைப் பேப்பரில் எழுதினோம். ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு அவர் வாங்கும் முழுச் சம்பளம், கையில், முன்கூட்டி. சத்தத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, விற்பதில்லை. குடம் வைத்துக் கச்சேரி நடக்கிற இடத்துக்குப் பேட் போகாது. மூன்று கையெழுத்து.

"முத்திரை ஒட்டாண்டாமா?" என்றார். ஒட்டினோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு மேல் பதிவு. பகலில் முடியாது. பஸ் ஹார்ன், காக்கா, எதிர் வீட்டு மிக்ஸி மூன்றும் மைக் முன்னால் க்யூவில் நிற்கும். ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜைப் பிடுங்கி, ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம்.

எங்கள் திட்டம் இது. அண்ணாச்சிக்கு வலது கையில் பத்தி, இடது கையில் ஒரு நாணயம். பத்தியால் குடத்தின் வாயில் திறந்த அடி ஒன்று, அமுக்கிய அடி ஒன்று. நாணயத்தால் வயிற்றில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஆக நாலு சத்தம். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று பலத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பலத்திலும் நாலு தடவை. ஏன் நாலு தடவை? ஒரே பதிவைத் திருப்பித் திருப்பி ஒலிக்கவிட்டால் தையல் மெஷின் மாதிரிக் கேட்கும். மனுஷன் கை இரண்டு தடவை ஒரே மாதிரி அடிக்காது. நாலு பதிவையும் சாஃப்ட்வேர் மாற்றி மாற்றி எடுத்துவிட்டால் காது ஏமாறும். நாலு, மூன்று, நாலு. பெருக்கினால் 48 அடி. அரை மணி வேலை என்று நினைத்தோம்.

அண்ணாச்சி ஒரு அடி அடித்தார். நிறுத்தினார். முகம் வாடிவிட்டது.

"ஒத்தையா அடிக்கதுக்கு எனக்கு வராது தம்பி. பாட்டு ஓடணும்லா..."

நாற்பது வருஷமாகப் பாட்டுக்குள் அடித்த கை! 'ஒரு அடி அடிச்சுட்டு அஞ்சு செகண்டு சும்மா இருங்க' என்றால் என்ன செய்யும்? கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். உதடு மட்டும் அசைகிற மாதிரி மனசுக்குள்ளேயே பாட்டைப் பாடிக்கொண்டு, அது வந்து நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு அடி. அந்த அறையில் சத்தமில்லாமல் ஒரு முழுக் கதை ஓடியது. எங்களுக்குக் கிடைத்தது 48 'டொம்'. மணி இரண்டாகிவிட்டது.

மறுநாள்தான் செட்டப். இனிமேல் வருவது, வீட்டில் பேட் வாங்கி வைத்திருக்கும் வாசகர்கள் பேனாவும் கையுமாகப் படிக்க வேண்டிய பகுதி. மற்றவர்கள் ஜோக் பக்கத்துக்குப் போய்விட்டு வரலாம்.

பதிவை நறுக்க ஆடசிட்டி போதும், இலவசம். ஒவ்வொரு அடியின் தலைப்பக்கம் இருக்கும் மௌனத்தை ஒட்ட நறுக்குங்கள். நூற்றில் ஒரு பங்கு விநாடி மௌனம் மிச்சமிருந்தாலும், ஒவ்வொரு அடியும் அவ்வளவு தாமதமாக வரும். வாசிப்பவன் தன் கைதான் சரியில்லை என்று பாவம் மனசொடிந்து போவான். நறுக்கியதை டீசன்ட் சாம்ப்ளர், ஸ்ஃபோர்ஸாண்டோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் வாத்தியத்தில் ஏற்றலாம். 1-லிருந்து 45 வரை பலமென்றால் மெதுவான பதிவு, 46-லிருந்து 90 வரை நடுத்தரம், அதற்கு மேல் ஓங்கிய அடி என்று பிரித்தோம்.

அடுத்து நம்பர். பல பேட்களில் முதல் கட்டம் 36-ல் ஆரம்பிக்கும். ஜெனரல் மிடியில் அது பெரிய டிரம்மின் நம்பர். எங்கள் குடத்தின் திறந்த அடி அங்கே உட்கார்ந்தது. 37-ல் அமுக்கிய அடி, 38, 39-ல் நாணயம். இங்கே ஒரு கண்ணிவெடி. இந்த 36-ஐ யமஹா வழியில் 'சி 1' என்பார்கள், ரோலண்ட் வழியில் 'சி 2' என்பார்கள். சாஃப்ட்வேர் ஒரு வழி, பேட் இன்னொரு வழி என்றால், தட்டுவீர்கள், விளக்கு எரியும், சத்தம் வராது. எழுத்தை நம்பாதீர்கள். நம்பரை நம்புங்கள்.

சத்தம் வந்துவிட்டது. ஆனால் அடித்த பிறகு யோசித்துத்தான் வந்தது! கை ஒரு இடம், காது ஒரு இடம். தப்பு வவுச்சர் மேல் இல்லை. மூன்று எண்ணும் பழைய மிடி ஒயரிலேயே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் போய்விடும். தாமதம் கேஷியரிடம். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சில்லறையாகக் கொடுக்காது, கட்டுக்கட்டாகத்தான் கொடுக்கும். அந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 44,100 துண்டு என்ற கணக்கில், 1024 துண்டு ஒரு கட்டு என்று வைத்திருந்தால் 23 மில்லி விநாடி தாமதம். குடம் எட்டு மீட்டர் தள்ளி, அடுத்த வீட்டு வாசலில் இருக்கிற மாதிரி. 256 என்று குறைத்தால் ஆறு மில்லி விநாடி, குடம் இரண்டு மீட்டரில். 128 என்றால் மூன்று, கைக்கு எட்டுகிற தூரம். ரொம்பக் குறைத்தால் பழைய லேப்டாப் மூச்சு வாங்கி, படபடவென்று பொரியும். இதற்கு மேல் டிரைவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ்காரர்கள் ஏசியோ டிரைவர் போடாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இன்னொன்று, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிறீர்களே ப்ளூடூத் இயர்போன், அதைக் கழற்றிவிடுங்கள். அது நூறு மில்லி விநாடிக்கு மேல் ஏப்பம் விடும். ஒயர் வைத்த பழைய ஹெட்போன்தான் இங்கே மாப்பிள்ளை.

மிச்சமிருந்தது பலம். டேலி தட்டிப் பழகிய விரல் சிநேகிதனுக்கு. எவ்வளவு முக்கினாலும் 80-ஐத் தாண்டவில்லை. அண்ணாச்சி உயிரைக் கொடுத்து ஓங்கி அடித்த பதினாறும் உள்ளே சும்மா தூங்கின! பேட்டோடு வரும் சாஃப்ட்வேரில் 'வெலாசிட்டி கர்வ்' என்று இருக்கும். அதை ஒரு படி இளக்கினோம், 127 வரை போனது. ஒரு கட்டத்தை அடித்தால் பக்கத்துக் கட்டமும் முனகியது. உணர்வு அளவைக் குறைத்து, அடியில் பழைய டர்க்கி டவலை மடித்து வைத்ததும் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியை வரவழைத்துக் காட்டினோம். ஒரு விரலால் 36-ஐத் தொட்டார். 'டொம்'. கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். பிறகு இரண்டு கையும் இறங்கியது. சிநேகிதன் நாலு நாளாகத் தட்டி வராத ஒரு நடை, நாலு நிமிஷத்தில் வந்தது. சுசீந்திரம் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத் தூண்களைத் தட்டிக் காட்டுவார்களே, கல்லுக்குள் எங்கேயோ இருந்து நாதம் வருமே, அப்படித்தான் அந்த ரப்பரைப் பார்த்தேன்.

அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

"சத்தம் எனக்கதுதான். ஆனா தம்பி, பனியில குடம் ஒருமாதிரிப் பேசும். வெயிலு ஏறுனா வேறமாதிரிப் பேசும். விடியக்காலம் சாமி வரும்போ ஒரு சத்தம் உண்டும். இது எப்பவும் செவ்வாக்கிழமை ராத்திரியாட்டுல்லா இருக்கு?"

சிநேகிதன் உடனே, வேறு வேறு நாளில் வந்து பதிவு செய்யலாமே என்றான். "சம்பளம் உண்டும்னா தெனமும் வாரேன்" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் அன்று பிடிபட்டது. பயப்பட வேண்டியது பேட்டுக்கு அல்ல, அதன் தம்பியான லூப்புக்கு. பேட்டை அடிக்க ஒரு ஆள் வேண்டும். லூப்புக்கு பட்டன் அமுக்க ஒரு விரல் போதும். கொடையில் கோமரத்தாடிக்கு அருள் ஏறும்போது உடுக்கையும் குடமும் அவர் காலைப் பார்த்து வேகம் பிடிக்கும். அந்த இடத்தில் லூப் ஓடினால், சாமி லூப்பைப் பார்த்து ஆட வேண்டியிருக்கும். எந்த இசக்கியம்மன் அதற்குச் சம்மதிப்பாள்?

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே பிடித்தது பேட் அல்ல, ஹெட்போன். அவருடைய மருமகப் பையன் குடம் பழகுகிறான். லைன் வீடு. ராத்திரி ஒரு தட்டு தட்டினால் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் திட்டு வருகிறதாம். "இதுன்னா அவனுக்கு மட்டும்தான் கேக்கும், என்னா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் பையன் சிநேகிதன் வீட்டு மாடியில் காதை மூடிக்கொண்டு பழகுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பரோடு ஏதோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும். மற்ற மூன்று நாள் மாமன் வீட்டில், நிஜக் குடத்தில், திட்டோடு.

அடுத்தது உடுக்கை. இது கஷ்டம். உடுக்கையின் நடுக் கயிற்றை இடது கை இறுக்கி விடும்போது சத்தம் வளைந்து அழும். கட்டத்தைத் தட்டினால் அழாது. பேட்டின் ஒரு குமிழை 'பிட்ச் பெண்ட்'டுக்கு மாற்றிவிட்டு, இடது கையால் திருகிக்கொண்டே வலது கையால் தட்டலாம் என்கிறான் சிநேகிதன். பழக்கடை வாசலில் ஆரஞ்சு பிழிகிற மாதிரி இருக்கிறது. உடுக்கை அடிக்கிற அண்ணாச்சியிடம் பேசியாயிற்று. கொடை சீசன் முடியட்டும், ஆடி கழியட்டும், முழுச் சம்பளம், முத்திரை ஒட்டிய பேப்பர் என்று அவரும் விவரமாகச் சொல்லிவிட்டார். குடத்து அண்ணாச்சி ஏற்கெனவே ட்யூஷன் எடுத்திருக்கிறார் போல.

அதுவரை 40-ம் நம்பர் கட்டம் காலியாக இருக்கிறது.